அக்கா குரலில் ஒரு வாக்குமூலம்

அந்த ஊரில் பஸ் ஏறியவர்களில் அவள் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. குரலைக் கேட்காதவர்கள் யாரும் இல்லை. பேருந்து நிலையத்தின் மாடியில், ஒரே ஒரு சன்னல் உள்ள சின்ன அறையில் உட்கார்ந்து இருபத்தாறு வருடமாக அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், எது இன்றைக்கு வராது, யாருடைய குழந்தை விசாரணை அறையில் அழுதுகொண்டு நிற்கிறது, எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் வெளியே போகும். மேலாளர் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாலும் இரண்டு வரியில் முடித்துவிடுவாள். "பஸ் பிடிக்க ஓடுறவன் நின்னு கதையா கேக்கப் போறான்?" என்பாள்.

கண்டக்டர், டீக்கடைக்காரர், மேலாளர் என்று வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையில் அவள் ஒரே ஒருவனுக்குத்தான் அக்கா.

தம்பிக்கு மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் தப்பியது, காது போய்விட்டது. அவளுக்கு அப்போது எட்டு வயது. கொஞ்ச நாளில் அப்பாவும் அம்மாவும் அவனிடம் நேராகப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். "அவன்கிட்ட சொல்லுடி" என்று அவள் பக்கம் திரும்பிவிடுவார்கள். பிள்ளைகள் இருவரும் தங்களுக்குள் ஒரு கைப்பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். மீசையைத் தடவினால் அப்பா. காதுமடலைத் தொட்டால் அம்மா. மூக்கைப் பிடித்தால் எதிர்வீட்டுக்காரர். ஏன் என்று அந்தத் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெரியவர்கள் கூடி உட்கார்ந்து அரைமணி நேரம் பேசுவார்கள். தம்பி அவள் முழங்கையை இடிப்பான். "என்னவாம்?" அவள் இரண்டு அசைவில் முடித்துவிடுவாள்: "சித்தப்பாவுக்கு வேலை போச்சு." எப்படிப் போனது, யார் மேல் தப்பு, நடுவில் எல்லோரும் எதற்குச் சிரித்தார்கள் என்பதெல்லாம் அவனுக்குப் போய்ச் சேராது. அவன் மறுபடி இடித்தால், "அவ்வளவுதான்" என்பாள். அவளும் சின்னப் பெண்தானே. கை வலிக்கும், விளையாடப் போக வேண்டும். அப்படி ஆரம்பித்தது ஐம்பது வயதைத் தாண்டியும் அப்படியே நின்றுவிட்டது.

ஒன்பது வயதில் அவனைக் காது கேளாதவர்களுக்கான விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். திரும்பி வந்தபோது அவன் கை மாறியிருந்தது. வீட்டுக் கைப்பேச்சு நூறு சொல்லைத் தாண்டாது. பள்ளியில் கற்றது முழுசான சைகை மொழி. அதில் கோபப்படலாம், கிண்டல் செய்யலாம், நேற்று நடந்ததையும் நாளைக்கு நடக்கப்போவதையும் பிரித்துச் சொல்லலாம். அக்கா அதில் பாதியைப் பிடித்துக்கொண்டாள், மீதிக்கு நேரமில்லை. அவளிடம் பேசும்போது அவனே இறங்கி வந்து வீட்டுக் கையில் பேசினான்.

கூடப் படித்த பெண்ணையே அவன் கல்யாணம் செய்துகொண்டான். அவளுக்கும் காது கேட்காது. அவள் கை ஓடுகிற வேகத்தைப் பார்த்து அக்கா அவளுக்கு 'விசிறி' என்று பெயர் வைத்தாள். பாசத்தில் வைத்த பெயர் என்று சொல்ல முடியாது. விசிறியும் லேசுப்பட்டவள் இல்லை. நாத்தனார் வாயைத் திறந்தாலே, "உங்க அக்கா சொன்னதுல பாக்கி எங்கே?" என்று புருஷனைக் கேட்பாள்.

அக்காவின் கணவர் அச்சகத்தில் புத்தகம் தைப்பவர், அதிகம் பேசாதவர். "நான் எங்கே பேசறது? ரெண்டு பேரோட பேச்சை இவ ஒருத்தியே பேசித் தீத்துடறா" என்பார்.

தம்பியின் கடை பேருந்து நிலையத்துக்குப் பின் தெருவில் இருந்தது. எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகக் காயில் கட்டித் தருகிற கடை. உள்ளே நுழைந்தால் வார்னிஷ் நெடி மூக்கைத் துளைக்கும். சுவர் முழுக்கச் செப்புக் கம்பிச் சுருள்கள், மயிரிழை மாதிரி இருப்பதிலிருந்து விரல் பருமன்வரை. மோட்டாரை ஓடவிட்டு அதன் முதுகில் உள்ளங்கையை வைப்பான். பேரிங் தேய்ந்திருந்தாலும், உள்ளே ஒரு பக்கம் உரசினாலும் கை சொல்லிவிடும். ஊரில் வேறு கடைகள் இருந்தும் அவனிடம் கூட்டம் குறையவில்லை. ஆனால் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அக்கா எப்ப வருவாங்க?" என்றுதான். என்ன விலை, என்றைக்குக் கிடைக்கும் என்பதையெல்லாம் அவள் வேலை முடிந்து வந்து பேசித் தர வேண்டும். அதுவரை அவன் திருப்புளியோடு உட்கார்ந்திருப்பான்.

எரிந்த காயிலை வெட்டி எடுத்தால் பழைய செப்பு மிஞ்சும். அதை வாங்கிப் போக ஒரு பழைய உலோக வியாபாரி வருவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தத்தை வைத்துக்கொண்டு எதைக் கொடுத்தாலும் ஒட்டிப் பார்ப்பார், அதனால் ஊரே அவரைக் காந்தம் என்றது. அக்கா இல்லாத பகல் நேரத்தில்தான் அவர் வருவார். அதனால் அவளுக்கு அவரைப் பெயரளவில்தான் தெரியும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் வரி அலுவலகத்திலிருந்து தம்பி பெயருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. காந்தத்தின் கணக்கைத் தோண்டியபோது தம்பி கடைப் பெயரில் நாற்பத்திரண்டு பில்கள் கிடைத்திருந்தன. டன் கணக்கில் செப்பு விற்றதாக அவற்றில் எழுதியிருந்தது. கூரையோடு சேர்த்து அந்தக் கடையையே உருக்கினாலும் அதில் பத்தில் ஒரு பங்கு தேறாது. வாங்காத சரக்கை வாங்கியதாகக் காட்டி, கட்டாத வரியைக் கட்டியதாகச் சொல்லி அரசாங்கத்திடமே பணம் திரும்ப வாங்கியிருந்தார் காந்தம். ஒவ்வொரு பில்லின் அடியிலும் தம்பியின் கையெழுத்து இருந்தது.

அக்கா நோட்டீஸைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "யாரோ உன் பேரை வச்சு ஏமாத்தியிருக்காங்க. ஆபீஸ்ல கூப்பிடறாங்க. போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்." தம்பி பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். விசிறிதான் நோட்டீஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ நிறைய அச்சடித்திருந்தது.

"பள்ளிக்கூடத்துல சொன்னா மொழிபெயர்க்க ஆள் அனுப்புவாங்க. சைகையைப் படிச்சவங்க. அவங்க எதையும் விடமாட்டாங்க" என்றாள் விசிறி.

"எதுக்கு வெளி ஆளு? நம்ம வீட்டு விஷயம். நான் இருக்கேன்ல" என்றாள் அக்கா. இதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது. நாற்பது வருடமாகத் தம்பிக்கு வாயாக இருந்தவளைப் பார்த்து, படித்த ஆளைக் கூப்பிடு என்றால் வராதா?

வரி அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் ஓர் அறை. மேசை, நான்கு நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம். அதிகாரி மரியாதையான மனிதர். டீ வரவழைத்துக் கொடுத்தார், மின்விசிறி வேகம் போதுமா என்று கேட்டார். பிறகு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை மேசை நடுவில் வைத்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பேசினார்.

"அம்மா, இதை அவருக்கு முழுசா சொல்லிடுங்க. இது சட்டப்படி நடக்கற விசாரணை. கேக்கற கேள்விக்கு அவர் பதில் சொல்லியே ஆகணும். இஷ்டமில்லைன்னு சும்மா இருக்க முடியாது. மறுத்தா அதுவே தனிக் குற்றம். அபராதம் உண்டு, ஜெயிலும் உண்டு. பொய் சொன்னாலும் அப்படித்தான். புரியுதா?"

"புரியுது சார்."

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். கடிகாரத்தில் மணி பதினொன்றே முக்கால். இரண்டு மணிக்கு அவளுக்கு வேலை. அரை நாள்தான் விடுப்பு. அதோடு, ஜெயில் என்று கைகாட்டி அவனை எதற்கு மிரள வைக்க வேண்டும்?

"கேக்கறதுக்குப் பதில் சொல்லு. முடிஞ்சதும் போயிடலாம்" என்று கையில் சொன்னாள்.

"அவர் வாய் ரொம்ப நேரம் அசைஞ்சுதே?"

"அவ்வளவுதான்."

கேள்விகள் ஆரம்பித்தன. அவனுக்காகப் பேசும்போது அவள் எப்போதும் 'நான்' என்றுதான் பேசுவாள். அவன் சொல்கிறான், இவன் சொல்கிறான் என்று இழுத்தால் நேரமாகும் என்று சின்ன வயதிலேயே வந்த பழக்கம் அது.

"இந்தக் கையெழுத்து உங்களோடதா?"

"ஆமா, என்னோடதுதான்."

"இவ்வளவு செப்பு நீங்க அவருக்கு வித்தீங்களா?"

இல்லை என்று தம்பி தலையாட்டினான். "இல்லை, விக்கலை" என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையெழுத்து இவனுடையது, சரக்கு போகவில்லை. அப்படியென்றால்?

அதிகாரி குரலை உயர்த்தவில்லை. "சரக்கு போகலைன்னு தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டீங்களா?"

அவள் அதைக் கையில் கேட்டாள். தம்பி அவள் முகத்தையே பார்த்தான். மேசைக்குக் கீழே, மடியில் வைத்திருந்த கை மட்டும் அசைந்தது. "இதுக்கும் சொல்லணுமா?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அதிகாரியைப் பார்த்தாள். "சொல்லு" என்றாள்.

அவன் சொன்னான். அவள் குரல் கொடுத்தாள்: "ஆமா. தெரிஞ்சேதான் போட்டேன்."

ஒன்று இருபதுக்கெல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். படியிறங்கும்போது, "ஏன்டா எங்கிட்ட சொல்லலை?" என்று கேட்கக் கையைத் தூக்கினாள். அவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான், திரும்பவில்லை. திரும்பாதவனிடம் கையால் எப்படிப் பேசுவது? அவள் ஆட்டோ பிடித்து வேலைக்குப் போனாள்.

எட்டு மாதம் எதுவும் நடக்கவில்லை. வரி பாக்கி, அபராதம் என்று ஏதாவது கடிதம் வரும், கட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். வந்தது குற்றவியல் நீதிமன்றத்தின் அழைப்பாணை. காந்தத்துடன் சேர்ந்து அரசாங்கத்தை ஏமாற்றச் சதி செய்ததாகத் தம்பி மேல் வழக்கு. நிரூபணமானால் ஐந்து வருடம்வரை சிறை. காந்தத்தின் வழக்கு தனியாக நடந்துகொண்டிருந்தது. அவர் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பிக்கு எதிரான ஆதாரம் இரண்டுதான், பில்களும் அந்த ஒலிப்பதிவும்.

அவர்களுக்குக் கிடைத்த வக்கீல் நடுத்தர வயதுப் பெண். பையில் எப்போதும் காகிதக் கட்டு பிதுங்கிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பில்லுல கையெழுத்து இருக்கு, சரி. ஆனா அது பொய் பில்லுன்னு இவருக்குத் தெரியும்னு எதை வச்சு சொல்றாங்க? இவரே சொன்னதை வச்சுத்தான். வரி ஆபீஸ்ல பேசலேன்னா குத்தம். கோர்ட்ல ஒருத்தரைப் பேச வைக்கறதே குத்தம். அங்கே மிரட்டி வாங்கின பதிலை இங்கே கொண்டு வந்து, பாருங்க இவரே ஒத்துக்கிட்டார்னா எப்படி? அதை எடுத்துக்கக் கூடாதுன்னுதான் நான் வாதாடப் போறேன்."

முதல் விசாரணை அன்று அக்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தம்பியின் எதிரே கறுப்புச் சட்டை போட்ட இளைஞர் ஒருவர் நின்றார். நீதிமன்றம் அனுப்பிய மொழிபெயர்ப்பாளர். கைகள் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் கறுப்புச் சட்டையாம். குற்றச்சாட்டைப் படித்து முடித்ததும் நீதிபதி நிதானமாகச் சொன்னார்: "நீங்க இங்கே எதுவும் சொல்லணும்கிற கட்டாயம் இல்லை. பேசாம இருக்கறது உங்க உரிமை. நீங்க பேசலைங்கறதை வச்சு உங்களைக் குற்றவாளின்னு நான் முடிவு பண்ணமாட்டேன்."

கறுப்புச் சட்டைக்காரர் அதைக் கையில் சொன்னார். நீதிபதிக்கு எவ்வளவு நேரம் ஆனதோ அவருக்கும் அவ்வளவு நேரம் ஆனது. அக்கா அதைக் கவனித்தாள். திடீரென்று தம்பி சிரித்தான். அவன் சிரிப்பு அவனுக்குக் கேட்காது என்பதால் அது எப்போதும் கொஞ்சம் பெரிதாகத்தான் வரும். என்ன என்று நீதிபதி கேட்டார். தம்பியின் கைகள் ஓடின, கறுப்புச் சட்டைக்காரர் குரல் கொடுத்தார்.

"சின்ன வயசிலேருந்து தெருவுல எல்லாரும் என்னை ஊமைன்னுதான் கூப்பிட்டாங்க. அதுக்கு உரிமைன்னு ஒரு பேர் இருக்கறது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

நீதிமன்றமே சிரித்தது. நீதிபதியும் சிரித்துவிட்டார். அக்காவால் சிரிக்க முடியவில்லை. தம்பி இவ்வளவு நீளமாகவும் இவ்வளவு குறும்பாகவும் பேசுவான் என்பது அவளுக்குத் தெரியாது. இந்தப் பேச்சு அவள் வாய் வழியாக வந்திருந்தால், 'என்னை ஊமைன்னு சொல்வாங்க, அதான் சிரிச்சேன்' என்று முடித்திருப்பாள்.

வெளியே வந்ததும் வக்கீல் அவளைத் தனியாக அழைத்தார். "இனி நீங்க உள்ளே உட்காரக் கூடாது. நீங்க சாட்சி. அன்னைக்கு அந்த ரூம்ல அவருக்கு என்ன சொன்னீங்கன்னு உங்களைத்தான் கேக்கப் போறாங்க."

அக்கா கேட்டாள்: "என்ன சொல்லணும்?"

"நடந்ததைச் சொல்லணும். நான் எதையும் சொல்லித்தர மாட்டேன். ஜெயில்னு சொல்லித்தான் பேச வச்சாங்கங்கறதுதான் நம்ம வாதம், அது உங்களுக்கே தெரியும். அதுக்கு மேல எங்கிட்ட கேக்காதீங்க."

அவள் பேருந்து நிலையத்து அறையில் உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டிருந்தாள். ஜெயில் என்ற சொல்லை அவள் தம்பிக்குச் சொல்லவே இல்லை. அதை உள்ளபடி சொன்னால் அரசுத் தரப்பு பிடித்துக்கொள்ளும். மிரட்டலே அவனுக்குப் போய்ச் சேரவில்லை, அவனாகத்தான் சொன்னான் என்று திருப்பிவிடும். 'எல்லாத்தையும் சொன்னேன்' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் தம்பிக்கும் நல்லது, தனக்கும் மானம் போகாது. அன்று அந்த அறையில் கைப்பேச்சு தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். கணவரிடம் கேட்டாள். அவர் தைத்துக்கொண்டிருந்த நூலைக் கடித்துவிட்டுச் சொன்னார்: "நீ சொல்றதை அவனுக்குக் கையில காட்ட அங்கே ஒரு ஆள் நிப்பான். அதை யோசிச்சுக்கோ." அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பொய் சொல்வது என்று முடிவு செய்துகொண்டாள்.

விசாரணை நாளன்று நீதிமன்றத் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே ஒலிப்பதிவைப் போட்டார்கள். தன் குரல் தனக்கே கேட்டது. தினமும் ஒலிபெருக்கியில் கேட்கிற அதே திருத்தமான, அவசரமான குரல்.

"பஸ் ஸ்டாண்டு அம்மா மாதிரியே இருக்கே" என்றார் பக்கத்தில் இருந்த ஒருவர். "அவங்க என்ன பண்ணாங்களாம்?"

"தெரிஞ்சேதான் போட்டேன்" என்றது கதவிடுக்கில் அவள் குரல். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறி நின்றதும் அவள் பார்த்தது தம்பியை. அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு இரண்டடி தள்ளி நின்ற கறுப்புச் சட்டைக்காரரின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எந்த வார்த்தை சொன்னாலும் அது அடுத்த நொடி அந்தக் கைகளில் ஏறி, ஒன்றுகூடக் குறையாமல் அவனிடம் போய்விடும். கணவர் சொன்னது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

வக்கீல் எழுந்தார். "அதிகாரி என்ன சொன்னார்ங்கறது பதிவுல இருக்கு. பதில் சொல்லியே ஆகணும், மறுத்தா ஜெயில்னு சொல்றார். நீங்க அதை உங்க தம்பிக்கு எப்படிச் சொன்னீங்க?"

எல்லாத்தையும் சொன்னேன் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அது போய்ச் சேரும். சொல்லவே இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"சொல்லலை" என்றாள்.

"புரியலை. எதைச் சொல்லலை?"

"ஜெயில்னு சொன்னது, அபராதம்னு சொன்னது, ஒண்ணையும் சொல்லலை. கேக்கறதுக்குப் பதில் சொல்லு, முடிஞ்சதும் போயிடலாம்னு மட்டும்தான் சொன்னேன். ரெண்டு மணிக்கு எனக்கு வேலை இருந்தது."

நீதிமன்றத்தில் ஒரு சலசலப்பு. தம்பி மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தான். அரசுத் தரப்பு வக்கீலின் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் தம்பியின் வக்கீல் அசரவில்லை. ஒலிப்பதிவின் அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். அதிகாரியின் கேள்வி கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் ஓடியது. அதற்குப் பிறகுதான் அவள் குரல்.

"நடுவுல பத்து விநாடி சத்தமே இல்லை. அப்ப என்ன நடந்தது?"

அக்கா கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இதுக்கும் சொல்லணுமான்னு கேட்டான்."

"யாரு?"

"தம்பி. மேசைக்குக் கீழே, கையில."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சொல்லுன்னு சொன்னேன்."

அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். "ஆக, ஜெயில்ங்கற பேச்சே அவருக்குப் போய்ச் சேரலை. மிரட்டல் இல்லை, பயம் இல்லை. அக்கா கேட்டாங்க, தம்பி சொன்னார். அவ்வளவுதானே?"

"அப்படி இல்லை சார்" என்றாள் அக்கா. அவளுக்கே அவள் குரல் வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "அதிகாரி என்னை மிரட்டினார். நான் அவனை மிரட்டலை, சொல்லுன்னேன். நான் சொல்லுன்னா அவன் சொல்லித்தான் ஆகணும். சின்ன வயசிலேருந்து அப்படித்தான். வெளி உலகம் அவனுக்கு நான் சொல்ற அளவுதான். ஜெயிலைப் பத்தி நான் சொல்லியிருந்தா அவன் ரெண்டையும் எடை போட்டுப் பாத்திருப்பான். வக்கீலைக் கூப்பிடுன்னு சொல்லியிருப்பான். மாட்டேன்னு சொல்ல ஒரு வழி இருக்கு, அதுக்கு இன்ன விலைன்னுகூட நான் அவனுக்குத் தெரியவிடலை. அதைவிடப் பெரிய கட்டாயம் என்ன சார் இருக்கு?"

அவள் பேசி முடித்தும் கறுப்புச் சட்டைக்காரரின் கைகள் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருந்தன. அரசுத் தரப்பு வக்கீல் உட்கார்ந்துகொண்டார். நீதிபதி ஏதோ எழுதிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு. அன்று அக்காவை உள்ளே உட்கார விட்டார்கள். வரி வசூலிப்பதற்காகக் கேள்வி கேட்கவும் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தவும் அதிகாரிகளுக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது, அதில் தவறில்லை என்றார் நீதிபதி. அந்தப் பதிலை வைத்து வரி போடலாம், அபராதமும் போடலாம். ஆனால் ஒருவரைச் சிறைக்கு அனுப்ப அவர் வாயையே சாட்சியாக்க வேண்டுமானால், அந்த வாய் தானாகத் திறந்ததாக இருக்க வேண்டும். நோட்டீஸின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த எச்சரிக்கையும் அதிகாரியின் சொற்களும் கட்டாயத்தை உண்டாக்கின. அது குற்றம் சாட்டப்பட்டவரின் கண்ணுக்கு எந்த உருவத்தில் போய்ச் சேர்ந்தது என்பதால் கட்டாயம் இல்லாமல் போய்விடாது. அக்காவின் சாட்சியம் அதைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. இப்படிச் சொல்லி அவர் ஒலிப்பதிவை ஒதுக்கிவிட்டார்.

அது போனதும் சதி வழக்கு நிலைக்கவில்லை. கணக்குப் புத்தகம் சரியாக வைக்காததற்கு ஒரு தொகை அபராதம் போட்டு, மற்றதிலிருந்து தம்பியை விடுவித்தார்கள். வரி அலுவலகம் தனியாகப் போட்டிருந்த தண்டத்தொகை அப்படியே நின்றது. அதைத் தவணையில் கட்ட வேண்டும். காந்தத்துக்கு அடுத்த மாதம் நான்கு வருடச் சிறை ஆனது. அவருடைய சொந்தக் கணக்குப் புத்தகங்களே அதற்குப் போதுமானதாக இருந்தன.

விசிறி அன்று நீதிமன்ற வாசலில் அக்காவின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள். தம்பி அவளிடம் பேசவில்லை. தண்டனையிலிருந்து தப்பியதற்கு நன்றியும் சொல்லவில்லை, கோபமும் காட்டவில்லை. கடைக்குப் போனால் மோட்டாரைப் பார்த்துக் குனிந்துகொள்வான். குனிந்துவிட்டவனோடு பேச வேறு வழியில்லை. "என்ன பேச்சு வேண்டியிருக்கு உங்கிட்ட?" என்று வாயால் சண்டை பிடிக்கிற தம்பியாக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ தேவலை. அவள் வீட்டில் இருக்கும்போது கைகள் சும்மா கிடந்தன. கணவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் வேலையில் நூல் கோத்துத் தரச் சொன்னார். அவளும் கோத்துக் கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு விடுமுறை நாள் காலையில் தம்பி தனியாக வந்தான். அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். யாரும் கேக்கலை. நானா சொல்றேன்."

அவன் வீட்டுக் கையில் பேசவில்லை. பள்ளியில் கற்ற மொழியிலேயே பேசினான், கொஞ்சம் நிதானமாக. நடுவில் அவளுக்குப் பிடிபடாமல் போனது. "இன்னொரு தடவை" என்று கேட்டாள். அவன் சலிக்காமல் இன்னொரு தடவை சொன்னான்.

கடைக்கு வந்தவர்களில் காந்தம் ஒருவர்தான் அக்கா எப்போது வருவாள் என்று கேட்காதவர். நேராக அவன் முன் வந்து உட்கார்ந்து, செல்போனில் எழுதிக் காட்டுவார். அவன் எழுதிக் காட்டுவான். இரண்டு பேரும் பேரம் பேசுவார்கள். அவர் எழுதிய வேடிக்கைக்கு அவன் சிரிப்பான். அவன் எழுதிய வேடிக்கைக்கு அவர் சிரிப்பார். நாற்பத்தேழு வயதில் முதல்முறையாக ஓர் ஆள் அவனிடமே வியாபாரம் பேசினார். மூன்றாவது பில்லில் அது பொய் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கையெழுத்துக்காக அவர் கொடுத்த பணம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் முடியாது என்று சொன்னால் அந்த ஆள் அடுத்த நாள் வரமாட்டார்.

"தப்புன்னு தெரியும். வேற யாரும் என்னை ஏமாத்தலை. கையெழுத்தை நான்தான் போட்டேன்."

அக்கா ஏதோ சொல்லக் கையைத் தூக்கினாள். அவனுக்காகச் சமாதானம் சொல்ல வந்த கையைத் தானே இறக்கிக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: "இதைக் கோர்ட்ல சொல்லியிருந்தா நீதிபதி ஒருவேளை புரிஞ்சுக்கிட்டிருப்பாரே?"

"அங்கே சொல்ல வேண்டாம்னு சொன்னாங்க. சொல்ல வேண்டாம்னு ஒருத்தர் சொன்னப்புறம்தான், யார்கிட்டச் சொல்லணும்னு எனக்கு யோசிக்கவே தோணுச்சு."

அவன் மதியம்வரை இருந்தான். தவணையைப் பற்றிப் பேசினான். விசிறியின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினான். அடுத்த தடவை மருத்துவமனைக்குப் போகும்போது கறுப்புச் சட்டைக்காரரைக் கூட்டிக்கொண்டு போகப் போவதாகச் சொன்னான். அவள், "சரி" என்றாள். அது அவளுக்கு வலித்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு வாரத்தில் ஒரு நாள் அவள் விசிறியிடம் உட்கார்ந்து சைகை கற்றுக்கொள்கிறாள். விரல்கள் முற்றிவிட்டன. கையுறை போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது என்று விசிறி கிண்டல் செய்கிறாள், விரலைப் பிடித்து வளைத்துவிடுகிறாள். சண்டையும் போட்டுக்கொள்கிறார்கள். இப்போது சண்டையில் அக்காவுக்கு முக்கால்வாசி புரிகிறது.

தம்பி வந்து பேசிவிட்டுப் போன அன்று சாப்பிட உட்கார்ந்தபோது கணவர் கேட்டார். "காலையிலேருந்து கையும் காலுமா ஆடிக்கிட்டிருந்தீங்களே, என்னதான் சொன்னான்?"

அவள் வாயைத் திறந்தாள். இரண்டு வரியில் அடங்கிவிடுகிற விஷயம்தான்.

"அவன் வருவான். அவனையே கேளுங்க" என்றாள்.